ஸ்னோமொபைல் டிரெய்லர் வாங்குகிறீர்களா? முதலில் உங்கள் காரின் கதவைத் திறந்து பாருங்கள்!

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை. கனடாவின் டொரன்டோவிலிருந்து வடக்கே பேரி, மஸ்கோகா பக்கம் போகும் 400-ம் எண் நெடுஞ்சாலை. வெளியே மைனஸ் 15 டிகிரி குளிர். வார இறுதிக்காக நகரத்தைவிட்டுக் கிளம்பும் கார்களின் வரிசையில் சில வாகனங்களின் பின்னால் மட்டும், ஒரு சின்ன அறைக்குச் சக்கரம் மாட்டியதுபோல நாலு பக்கமும் மூடிய டிரெய்லர் உருண்டு வருகிறது. அதற்குள் இரண்டு ஸ்னோமொபைல்கள். முன்னால் பனிச்சறுக்குக் கட்டைகளும் பின்னால் ரப்பர் பட்டையும் கொண்ட, பனியில் ஓடும் பைக்குகள்.

காருக்குள் அப்பா, அம்மா, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகிறது. அது கிளப்பும் காற்றில் டிரெய்லர் லேசாக இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கிறது. அந்த ஆட்டம் தானாக அடங்குமா, இல்லை காரையே இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளுமா?

இதைத் தீர்மானிப்பது டிரைவரின் சாமர்த்தியம் மட்டுமல்ல. பல மாதங்களுக்கு முன், டிரெய்லர் விற்கும் கடையில் எடுத்த முடிவும்தான்.

கடைக்குள் நுழைந்ததும் பளபளக்கும் அலுமினிய உடம்பும், உள்ளே எரியும் எல்.இ.டி. விளக்கும், விலையும்தான் கண்ணில் படும். ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'என்னுடைய வண்டி இதைத் தாங்குமா?'

டொரன்டோவையும் சுற்றியுள்ள ஊர்களையும் சொந்த ஊராக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குப் பனி ஒரு விளையாட்டு மைதானம். எனவே, இந்தக் கணக்கு உங்கள் சொந்தபந்தத்தில் யாருக்காவது நாளைக்கே உதவலாம்.

ஒரு தந்தையின் துயரம்

ஸ்னோமொபைல் இன்றைக்குப் பொழுதுபோக்கு வண்டி. ஆனால், அதன் கதை சோகத்தில் தொடங்குகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த மெக்கானிக் ஜோசப் ஆர்மான்ட் பாம்பார்டியர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்கு வயிற்றில் தொற்று முற்றியது. சாலைகளைப் பனி மூடிக் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது.

பனியில் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பே உழைத்துக்கொண்டிருந்த பாம்பார்டியர், அதன் பிறகு இன்னும் தீவிரமானார். பற்சக்கரமும் பட்டையும் சேர்ந்த அவருடைய அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் 'பி7' வண்டி வந்தது. 1959-ல் தனி ஆட்கள் ஓட்டும் இலகுவான 'ஸ்கி-டூ' சந்தைக்கு வந்தபோதுதான், ஸ்னோமொபைல் குடும்பங்களின் குளிர்காலக் கொண்டாட்டமாக மாறியது.

இன்று ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் சுமார் 30,000 கி.மீ. நீளத்துக்கு ஸ்னோமொபைல் பாதைகள் இருக்கின்றன. ஆனால், நகரத்தில் வசிப்பவர் அந்தப் பாதை தொடங்கும் இடம்வரை வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பனியை வழித்து உப்புத் தூவிய நெடுஞ்சாலையில் ஸ்னோமொபைலை ஓட்டிப்போக முடியாது. அதற்குத்தான் டிரெய்லர்.

திறந்த டிரெய்லர் எடையிலும் விலையிலும் குறைவு. மூடியதற்கு மவுசு அதிகமாக இருக்கக் காரணம், சாலையிலிருந்து தெறிக்கும் உப்புத் தண்ணீர். அது உலோகத்தை அரித்துவிடும். மூடிய டிரெய்லரில் அந்தத் தொல்லை குறைவு. திருட்டுப் பயமும் குறைவு. காற்றுக்கு ஒதுங்கி உடை மாற்றிக்கொள்ள ஓர் அறையும் கிடைத்துவிடுகிறது.

விளம்பரத்தில் வரும் எண்

கார் விளம்பரங்களில் 'இழுவைத் திறன்' என்று ஓர் எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்பதே அது. வட அமெரிக்காவில் இதைப் பவுண்டில் சொல்வது வழக்கம். 1,000 பவுண்டு என்றால் சுமார் 454 கிலோ.

இங்கேயே முதல் குழி இருக்கிறது. ஒரே பெயரில் விற்கும் கார்கள் எல்லாமே ஒரே எடையை இழுக்காது. ஹோண்டா பைலட் எஸ்.யூ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் மாடல் 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ இழுக்கும். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் மாடலுக்கு 3,500 பவுண்டு, 1,588 கிலோதான். டொயோட்டா ராவ்4 ஹைபிரிடுக்கு நெடுங்காலமாக 1,750 பவுண்டு, சுமார் 794 கிலோ. இரண்டு ஸ்னோமொபைல்களுடன் மூடிய டிரெய்லரை இழுக்க அது போதவே போதாது.

எனவே, 'அண்ணனும் இதே கார்தான் வைத்திருக்கிறார், அவர் இழுக்கிறாரே' என்ற சமாதானம் செல்லாது. உங்கள் காரின் கையேட்டில், உங்கள் மாடலுக்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்பதுதான் பேச்சு.

கதவில் ஒட்டியிருக்கும் எண்

இழுவைத் திறனைவிட முக்கியமான எண் விளம்பரத்தில் வராது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் டயர் அழுத்தத்தைக் குறிப்பிடும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகள், சுமை இரண்டும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருப்பார்கள். அதுதான் 'பேலோடு'.

டிரெய்லர் பின்னால்தானே வருகிறது, அதற்கும் கார் தாங்கும் சுமைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம்மூர் மாட்டு வண்டியை நினைத்துக்கொண்டால் போதும்.

முன்பாரமா, பின்பாரமா?

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கும் பெரியவர்கள், வண்டி முன்பாரமா பின்பாரமா என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். வண்டி குடைசாயவும் செய்யலாம்.

டிரெய்லரும் அப்படியேதான். அதன் முன்முனை காரின் பின்னாலுள்ள ஹிட்ச் கொக்கியின்மேல் உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் அந்த முனை வழியாகக் காரின்மேல் இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை 'டங் வெயிட்' என்பார்கள். நம்மூர் மொழியில் முன்பாரம்.

இது 10 சதவிகிதத்துக்குக் குறைந்தால் டிரெய்லர் வால்போல ஆடும். ரொம்பவும் கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும். பனி உறைந்த சாலையில் முன்சக்கரம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. ஆக, முன்பாரம் வேண்டும். ஆனால், அந்த முன்பாரம் முழுவதும் கதவு ஸ்டிக்கரில் உள்ள பேலோடில்தான் கழியும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஓர் உதாரணம். 2,268 கிலோ இழுக்கும் நடுத்தர எஸ்.யூ.வி. அதன் பேலோடு 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 250 கிலோ. பெட்டி, சாப்பாடு, பூட்ஸ் 80 கிலோ. ஹிட்ச் சாமான்கள் 25 கிலோ. டிரெய்லரை மாட்டும் முன்பே 355 கிலோ போய்விட்டது. மீதி 245 கிலோ.

முதல் தேர்வு: கூரை தாழ்வான, இரண்டு வண்டிகள் நிற்கும் அலுமினிய டிரெய்லர், 680 கிலோ. ஸ்னோமொபைல் ஒன்றுக்கு 270 கிலோ வீதம் 540. டேங்க் நிறைய பெட்ரோல் ஒன்றுக்கு 30 கிலோ வீதம் 60. ஹெல்மெட், கருவிகள், உதிரி கேன் 80. திரும்பி வரும்போது வண்டியில் ஒட்டியிருக்கும் பனி 40. மொத்தம் 1,400 கிலோ. முன்பாரம் 12 சதவிகிதம் என்றால் 168 கிலோ. மீதியிருக்கும் 245-க்குள் நிம்மதியாக அடங்குகிறது.

இரண்டாவது தேர்வு: உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரமான நீள டிரெய்லர். சாமான்கள் எல்லாம் சேர்த்து 1,800 கிலோ. முன்பாரம் 216 கிலோ. அடங்குகிறது, ஆனால் மிச்சம் 29 கிலோ மட்டுமே.

மூன்றாவது தேர்வு: 'இடம்தான் இருக்கிறதே' என்று அதே நீள டிரெய்லரில் நண்பரின் வண்டியையும் ஏற்றுகிறார்கள். மொத்தம் 2,100 கிலோ. விளம்பர எண் 2,268. அதைப் பார்த்தால் இன்னும் 168 கிலோ பாக்கி இருப்பதாகத் தெரியும். ஆனால், முன்பாரம் 252 கிலோ. கதவு ஸ்டிக்கரின் எல்லையை 7 கிலோ தாண்டியாயிற்று. அது மட்டுமல்ல. இந்த வகை எஸ்.யூ.வி.களில் ஹிட்ச் தாங்கும் முன்பாரமே பெரும்பாலும் 500 பவுண்டு, அதாவது 227 கிலோதான். அந்த எல்லையும் போயிற்று.

இழுக்கும் பலம் இருக்கிறது, தாங்கும் பலம் இல்லை. குடும்பத்தோடு போகும்போது முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் பேலோடுதான்.

எந்த வண்டிக்கு எது?

ஸ்னோமொபைல் சராசரியாக 10 முதல் 11 அடி நீளமும் 4 அடி அகலமும் இருக்கும். இந்த அளவுதான் டிரெய்லரின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சந்தையில் முக்கியமாக மூன்று வகைகள் உண்டு.

சிப்பி மூடி வகை: தாழ்வான தளத்தின்மேல் சிப்பிபோலத் திறந்து மூடும் உறை. எடை சுமார் 300 முதல் 400 கிலோ. இரண்டு வண்டிகள் ஏற்றினாலும் மொத்தம் 1,100 கிலோவை ஒட்டியே நிற்கும். 3,500 பவுண்டு இழுக்கும் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உள்ளே நின்று உடை மாற்றவெல்லாம் முடியாது.

தாழ்கூரை வகை: அகலம் எட்டரை அடி. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னாலும் பின்னாலும் கதவு இருந்தால் ஒரு பக்கம் ஓட்டி ஏற்றி, மறுபக்கம் ஓட்டி இறக்கலாம். கடைகளில் 'ஹைபிரிட்' என்ற பெயரில் கிடைக்கும். 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்.யூ.வி.க்கும் நடுத்தர பிக்கப்புக்கும் பொருத்தமானது.

நீள வகை: 7 அடி அகலம். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். 20 அடிக்கு மேல் நீளம், இரட்டை அச்சு, உயரமான கூரை. அலுமினியமே ஆனாலும் காலியாக 1,000 கிலோவை ஒட்டி இருக்கும். இரும்புச் சட்டம் என்றால் இன்னும் கூடும். இதற்கு முழு அளவு பிக்கப்தான் சரி.

நீள வகையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே ஒரு வண்டியை மட்டும் ஏற்றிப் போகும் நாளில், இறக்குவதற்குச் சுலபம் என்று அதைப் பின்கதவு ஓரமாகவே நிறுத்திவிடக் கூடாது. அது பின்பாரம். மொத்தச் சுமையில் சுமார் 60 சதவிகிதம் டிரெய்லரின் முன்பாதியில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

காற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும்

எடை அடங்கிவிட்டது என்றால் வேலை முடிந்ததா? இல்லை. மூடிய டிரெய்லர் ஒரு சுவர். 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் பல கார்களின் கையேட்டில், டிரெய்லரின் முகப்பு இத்தனை சதுர அடிக்குள் இருக்க வேண்டும் என்று தனியாக ஓர் எல்லை இருக்கிறது.

எட்டரை அடி அகலம், 7 அடி உயரம் என்றால் முகப்பு ஏறக்குறைய 60 சதுர அடி. அதே அகலத்தில் ஐந்தரை அடி உயரம் என்றால் 47 சதுர அடிக்குள் வந்துவிடும். முன்பக்கம் 'வி' வடிவில் கூராக இருந்தால் காற்று ஓரளவு வழிவிடும். எப்படியும் மைலேஜ் கணிசமாக விழும். மின்சார பிக்கப் வைத்திருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். பெரிய டிரெய்லரை இழுக்கும்போது ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியளவுக்குக் குறைவது சகஜம். குளிர் அதை இன்னும் குறைக்கும்.

பிரேக், பால், ஒயர்

ஒன்டாரியோ சட்டப்படி, சுமையோடு சேர்த்து 1,360 கிலோ அல்லது அதற்குமேல் எடையுள்ள டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும். மேலே பார்த்த 1,400 கிலோ உதாரணமே இதற்குள் வந்துவிடுகிறது. பெரும்பாலான டிரெய்லர்களில் இருப்பது மின்சார பிரேக். அது வேலை செய்யக் காருக்குள் ஒரு பிரேக் கண்ட்ரோலரும், ஏழு முனை மின் இணைப்பும் வேண்டும். நான்கு முனை இணைப்பு விளக்குகளுக்கு மட்டுமே உதவும். இந்தச் செலவையும் டிரெய்லர் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

டிரெய்லரின் முன்முனை உட்காரும் உருண்டைக்கு 'பால்' என்று பெயர். இரண்டு அங்குலப் பாலுக்குச் செய்த டிரெய்லரை அதைவிடச் சின்னப் பாலில் மாட்டினால், மாட்டியதுபோலவே தெரியும். ஒரு மேடு பள்ளத்தில் கழன்றுவிடும். அளவு இரண்டின்மீதும் பொறித்திருக்கும். கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்பாரத்தைக் காரின் எல்லா அச்சுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் தனி ஹிட்ச்களும் உண்டு. சில கார் நிறுவனங்கள் அதை மாட்டச் சொல்கின்றன, சில மாட்டக் கூடாது என்கின்றன. அதற்கும் கையேடுதான் நீதிபதி.

ஆட ஆரம்பித்தால்?

டிரெய்லர் ஆடும்போது காலைச் சட்டென்று பிரேக்கில் வைக்கத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் தவறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ட்ரோலர் இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாகக் கொடுக்கலாம். ஆட்டம் அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சுமை எங்கே இருக்கிறது என்று பார்த்து மாற்றி அடுக்க வேண்டும்.

டயரையும் மறக்கக் கூடாது. வெப்பநிலை 30 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்துவிடும். கதகதப்பான கராஜில் பார்த்த அளவு, வெளியே மைனஸ் 20-ல் இருக்காது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. மூடிய டிரெய்லருக்குள் ஸ்னோமொபைல் எஞ்சினை ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கதவுகள் திறந்தே இருக்கட்டும். உள்ளே காற்றோட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள்.

கடைக்குப் போகும் முன்...

* கதவு ஸ்டிக்கரையும், கையேட்டில் டிரெய்லர் பற்றிய பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

* காரில் வருபவர்களின் எடையையும் சாமான்களின் எடையையும் உண்மையாகக் கூட்டுங்கள். ஸ்னோமொபைலின் எடையைப் பெட்ரோலோடு சேர்த்து எழுதுங்கள்.

* டிரெய்லரின் காலி எடையை விற்பனையாளர் வாய்வார்த்தையில் சொன்னால் போதாது. அதன்மேல் பதித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். காலி எடை, அதிகபட்ச எடை இரண்டும் வேறு வேறு.

* பழைய டிரெய்லர் என்றால் தரைப் பலகை, ஒயர், அச்சு, ஆணிகளில் உப்பு அரிப்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அலுமினியச் சட்டத்திலும் இரும்பு ஆணிகள் இருக்கும். ஸ்னோமொபைலின் அடிக்கம்பிகள் தரையைக் கிழிக்காதபடி பிளாஸ்டிக் தடம் இருந்தால் நல்லது.

* வாங்கிய பிறகு, முழுச் சுமையோடு ஒரு முறை லாரிகள் நிற்கும் இடத்திலுள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். சில டாலர் செலவில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எல்லாக் கணக்குக்கும் பிறகு, மனசுக்குப் பிடித்த அந்த உயரமான டிரெய்லர் உங்கள் காருக்கு ஒத்துவராமல் போகலாம். ஏமாற்றமாகத்தான் இருக்கும். அப்போது ஒன்று தாழ்வான டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லை பெரிய வண்டி வாங்கும்வரை காத்திருக்கலாம். 'மெதுவாகப் போனால் சமாளித்துவிடலாம்' என்பது மட்டும் வேண்டாம்.

மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தவித்த ஒரு தந்தையின் ஊரிலிருந்து வந்த வண்டி இது. அதை ஏற்றிக்கொண்டு போகும் குடும்பம் பத்திரமாக வீடு திரும்ப வேண்டாமா? அதற்கான எண் உங்கள் கார் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. ஒரு நிமிடம் குனிந்து படித்துவிடுங்கள்.